எந்தப் பக்கத்தில் அடித்தார்?

“நான் பேச மாட்டேனுங்க. படிப்பேன்.”

சபீஹா இதைச் சொன்னபோது அறிவழகன் குத்துவிளக்கின் திரியைத் திருத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழாதவர் மாதிரி இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

“என்னத்தைப் படிக்கறது சாமி?”

“என் நாவலைத்தானுங்க. பத்தே நிமிசம். அதுவும் கடைசில இல்ல, மொதல்ல.”

அவர் எண்ணெய்க் கையைக் குத்துவிளக்கின் தண்டிலேயே துடைத்துவிட்டு நிமிர்ந்தார். நாமக்கல் சொல்வட்டத்தின் செயலாளர். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடமாக மாதம் ஒரு நூல் வெளியீட்டுக் கூட்டமோ அறிமுகக் கூட்டமோ நடத்தி வருகிறார். இந்தப் பதினோரு வருடத்தில் எழுதியவர் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“நோட்டீசு பாத்தியல்லோ? வரவேற்புரை, தலைமையுரை, ஆய்வுரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை. இதுல படிப்புரைன்னு ஒண்ணு எங்கீது?”

“ஏற்புரைக்குப் பதிலா வெச்சுக்குங்க.”

“ஏற்புரைன்னா என்ன அம்மிணி? நாலு பேரு உன்னைப் பாராட்டறாங்க, நீ ஏத்துக்கற. அவ்வளவுதான். கல்யாணத்துல பொண்ணு எந்திரிச்சு, நானே மந்திரம் சொல்லிக்கறேன்னா உடுவாங்களா?”

பக்கத்தில் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். சபீஹா சிரிக்கவில்லை.

கேட்கவே கூடாது என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சென்னையில் இருந்து பதிப்பாளர் நேற்றும் போன் செய்தார். “மேடையில எங்க உக்காரச் சொன்னாலும் உக்காரும்மா. என்ன போத்தினாலும் போத்திக்கோ. படிக்கிறேன்னு மட்டும் கேட்டுடாதே. எழுதினவங்களே படிச்சுக் காட்டிட்டா, பேச வந்தவங்களுக்கு அங்க என்ன வேலை? கோவிச்சுப்பாங்க. அதுவும் அனிதா மேடம் வராங்க. அவங்க காலேஜ்ல உன் நாவலைப் பாடமா வைக்கிற கமிட்டியில அவங்கதான் எல்லாம். வாயைத் திறந்து கெடுத்துக்காதே.”

வாயைத் திறந்து கெடுத்துக்கொள்வது சபீஹாவுக்குப் பழக்கம்தான். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, இப்போது ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். அங்கேயும் ஓனர் ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொல்வாள். ஆனால் இன்று அவள் கேட்டது கோபத்தில் இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சினாள் என்றே சொல்லலாம்.

“எங்கம்மா வந்திருக்காங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அவங்க காதுல ஒரு பக்கமாச்சும் விழுகோணும். அதுக்குத்தான் கேக்கறேன்.”

அறிவழகன் அவள் தலையைத் தொட்டார். “அம்மா வந்திருக்காங்களா? நல்லதாப் போச்சு. சரி, ஏற்புரை நேரம் வரட்டும். பேசறதுக்குப் பதிலா அஞ்சு நிமிசம் படிச்சுக்க. அதுவரைக்கும் மேடையில சாந்தமா உக்காரு சாமி.”

அதுவே பெரிய வெற்றி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

இத்தனைக்கும் அவள் எழுதியது சிரிப்பு நாவல். பெயர் ‘முப்பதுக்கு இருபது’. அது லாரித் தார்பாயின் அளவு. பரமத்தி ரோட்டில் அவள் அத்தா மொய்தீன் வைத்திருக்கும் தார்பாய் தைக்கும் கடைதான் களம். நாவலில் வரும் ஹவ்வாம்மா லாரி டிரைவர்களை மிரட்டுவாள், ஓனர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். அவள் புருஷன் இரண்டாவது டம்ளர் டீக்குக்கூடப் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பவன். எழுதும்போது சபீஹா தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறாள்.

அச்சாகி வந்தபோது அட்டையில் கறுப்புத் துணிக்குள் ஒரு கண், கண்ணில் ஒரு சொட்டு நீர். “மார்க்கெட்டும்மா” என்றார் பதிப்பாளர். அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். முதல் புத்தகம் என்று விட்டுவிட்டாள்.

சேலத்தில் நடந்த முதல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். “தார்பாய்க்கடியில் மூச்சுத் திணறும் ஓர் இஸ்லாமியத் தாயின் கண்ணீர் இது. கணவனின் பெல்ட் அடிகளை இந்தப் பெண் பிள்ளை கதவிடுக்கில் நின்று எண்ணியிருக்கிறாள்!” நாவலில் பெல்ட்டே இல்லை. அடியும் இல்லை. சபீஹா எழுந்து ஏற்புரையில் மறுத்தாள். ஆனால் யாரோ அவர் பேசியதை மட்டும் முப்பத்தெட்டு விநாடிக்கு வெட்டிப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் அது வந்தது. சாயங்காலம் ஜமாத் குரூப்பிலும் வந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் மொய்தீனின் கையைப் பிடித்துக்கொண்டு, “பொம்பளைங்க மேல கை நீட்டறது நம்ம மார்க்கத்துல இல்ல மொய்தீன்” என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அத்தாவோ கோழியை அறுக்கச் சொன்னால்கூட அடுத்தவரைக் கூப்பிடுகிற மனிதர். வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டு, கை கழுவிக்கொண்டு எழுந்தார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையில் இருந்து சேந்தமங்கலம் வரைக்கும் வண்டியில் போய்த் தொழுதுவிட்டு வருகிறார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அம்மா மஸ்தான் பீவி மூன்று நாள் மெஷினை விட்டு எழவில்லை. நான்காம் நாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“உங்கத்தா என்னை அடிச்சாருன்னு எழுதினியா?”

“எழுதலம்மா.”

“அப்பறம் அந்தாளு ஏன் சொல்றாரு?”

“அவரு புத்தகத்தைப் படிக்கலம்மா.”

“படிக்காமயா மேடை ஏறுவாங்க? பொய் சொன்னாலும் நம்பற மாதிரிச் சொல்லு.”

மஸ்தான் பீவி இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் நம்பர் படிப்பாள், தார்பாய் அளவு படிப்பாள். படிக்கவில்லை என்பதற்காகவே ஐம்பது வருடமாக எல்லா இடத்திலும் கீழே உட்கார்ந்தவள். படிக்காதவர்களும் மேலே உட்காரலாம் என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள்?

“உக்காரும்மா. நானே படிச்சுக் காட்டறேன். மொத்தத்தையும் படிக்கறேன்.”

“நீ படிச்சா மாத்திப் படிப்ப. எனக்கென்ன தெரியப் போகுது?”

பக்கத்து மெஷினில் இருந்த அங்கம்மாள், “பாயம்மா, பெத்த புள்ளையப் போயி…” என்று ஆரம்பித்தாள். இருபது வருடமாக அதே கடையில் தைப்பவள், அவளுக்கு எதிலும் நுழைய உரிமை உண்டு.

“நீ சும்மா இரு அங்கம்மா. தார்பாய் வாங்க வர்றவங்கிட்ட, இந்த எடத்துல தண்ணி ஊத்திப் பாருன்னு நாமளா காட்டறோம்? அவனல்லோ காட்டறான்? அவன் கையக் காட்டின எடத்துல ஊத்தறோம். தெச்சவங்க அடியில உக்காந்திருக்கறோம். ஒழுகினா நம்ம தலையில.” மகள் பக்கம் திரும்பினாள். “நாலு பேரு கையில அந்தப் பொஸ்தகம் இருக்கோணும். அவங்க வெரல் வெச்சுப் பாத்துட்டே இருக்கோணும். எந்தப் பக்கம்னு நாஞ் சொல்லுவேன். அப்பப் படி. மாத்திப் படிச்சா அவங்க சொல்லுவாங்க. அதுல அடி இல்லைன்னா உங்கத்தாகிட்ட நானே போயிச் சொல்றேன். அந்த ஜமாத்துக்காரர்கிட்டயும் போயிச் சொல்றேன்.”

நாலு பேர் கையில் அவள் நாவல் இருக்கும் இடம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? சொல்வட்டத்தின் கூட்டம் ஒன்றுதான் இருந்தது.

சபீஹா சரி என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு வேறொரு பயம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அதில் ஹவ்வாம்மா ஒரு சாயங்காலம் டெல்லிக்குக் கிளம்பும் லாரிக்குத் தார்பாய் கட்டிக் கொடுத்துவிட்டு, இதில் ஏறிப் போனால் என்ன என்று நின்று பார்க்கிறாள். புருஷன் நல்லவன்தான். பிள்ளைகளும் நல்லவர்கள்தான். இருந்தாலும் ஒரே ஒரு தடவை, எங்கேயாவது. அவ்வளவுதான், ஏழு வரி. சபீஹா ஒன்பதாவது படிக்கும்போது அம்மா இதை அங்கம்மாளிடம் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறாள். எழுதும்போது அம்மாவிடம் கேட்கவில்லை. நாவலில் அம்மாவிடம் இருந்து உள்ளபடியே எடுத்தது அது ஒன்றுதான். அம்மா வாயில் அந்த எண் வந்துவிட்டால்?

*

ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூட்டம். மேடை குறுகல். பின்னால் சுவரோடு சுவராக ஃபிளெக்ஸ், அதில் அந்தக் கறுப்புத் துணிக் கண் ஆள் உயரத்துக்கு. முன்னால் துணி சுற்றிய நீளமான மேசை. இரண்டுக்கும் நடுவில் ஏழு நாற்காலி. நடு நாற்காலி சபீஹாவுக்கு. இடது பக்கம் தலைவர் வெள்ளியங்கிரி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வலது பக்கம் பேராசிரியர் அனிதா. நடுவில் இருப்பவர் வெளியே போக வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் மூன்று பேர் எழுந்து நிற்க வேண்டும். முழங்கால் மேசையில் இடித்தது. தோளில் பொன்னாடை, அதன்மேல் இன்னொரு பொன்னாடை. எடுத்து மடியில் வைத்தபோது அறிவழகன் கீழே இருந்து ஜாடை காட்டினார், போட்டோ எடுக்கும் வரை இருக்கட்டும் என்று.

மூன்றாவது வரிசையில் மஸ்தான் பீவி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அங்கம்மாள். கூட்டத்தில் நாற்பது பேர் இருக்கலாம். அம்மா எத்தனை பேர் கையில் புத்தகம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பேர் வாங்கியிருந்தார்கள். போதும்.

வெள்ளியங்கிரி எழுந்தார்.

“இந்த நாவலை நான் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். உணர்ந்தேன் என்று சொல்வேன்!”

கை தட்டினார்கள். மஸ்தான் பீவியும் தட்டினாள். தலைவர் தன்னோடு மல்லசமுத்திரத்தில் ஒன்றாகப் படித்த ஒரு பாய் நண்பரைப் பற்றிப் பேசினார். நோன்புக் கஞ்சியைப் பற்றிப் பேசினார். ரம்ஜானுக்கு வந்த பிரியாணியை மூன்று முறை சொன்னார். முப்பத்தைந்து நிமிடம். ஹவ்வாம்மா என்ற பெயர் ஒரு தடவையும் வரவில்லை. உட்காரும்போது சபீஹாவிடம் குனிந்து, “நல்லா இருந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“புத்தகத்தைப் பத்திச் சொல்லவே இல்லீங்களே ஐயா.”

“அதை மேடம் சொல்லுவாங்க.”

மேடம் சொன்னார். கையில் குறிப்புத்தாள் வைத்திருந்தார். குரல் நடுங்காமல், இடம் பார்த்து நிறுத்தி, ஏற்றி இறக்கிப் பேசத் தெரிந்தவர்.

“ஹவ்வாம்மாவின் முதுகில் விழுந்த ஒவ்வோர் அடியும் இந்தச் சமூகத்தின் முகத்தில் விழுந்த அடி. தார்பாய் என்பது வெறும் தார்பாய் அல்ல. அது அவள் மீது போர்த்தப்பட்ட மௌனம்.”

சபீஹா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். படித்த பெண், பெரிய கல்லூரியில் வாத்தியார், கையில் தாள் வைத்துப் பார்த்துச் சொல்கிறார். அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது.

சபீஹா தலைவரிடம் குனிந்தாள். “ஐயா, அப்படி எதுவுமே இல்லீங்க நாவல்ல.”

“உணர்ச்சிவசப்படாதம்மா. தண்ணி குடி.” அவரே பாட்டிலின் மூடியைத் திருகிக் கொடுத்தார்.

அவள் பாட்டிலை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் மைக்கில் கேட்டது.

“மேடம், அடிக்கவே இல்லீங்க.”

மைக் இல்லாத குரல். முதல் இரண்டு வரிசைக்குக் கேட்டது. அனிதா பேச்சை நிறுத்தி, கோபமே இல்லாமல், அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“பாருங்கள். ஒரு படைப்பாளி தான் எழுதியதை முழுமையாக அறிய மாட்டார். அதைச் சொல்லத்தான் விமர்சகர்கள் இருக்கிறோம்.”

பெரிய கைதட்டல். சபீஹாவின் தோளை அனிதா அன்பாகத் தட்டிக் கொடுத்தார். அந்தக் கைதட்டல் அடங்கும்போதுதான் கீழே இருந்து கேட்டது.

“எந்தப் பக்கத்துலீங்க அடிச்சாரு?”

மஸ்தான் பீவி எழுந்து நின்றிருந்தாள். அங்கம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “உக்காரு பாயம்மா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். பக்கம் எதுன்னு சொல்லச் சொல்லு. இவுங்கல்லாம் கையில வெச்சிருக்காங்கல்லோ, பாத்துச் சொல்லட்டும்.” மேடையைப் பார்த்துத் திரும்பவும் கேட்டாள். “எத்தனாவது பக்கத்துலீங்கம்மா?”

முன்வரிசையில் ஒருவர் புத்தகத்தை முதல்முறையாகத் திறந்தார்.

அனிதா பொறுமையாகச் சொன்னார். “அது அப்படி நேரடியா இருக்காதுங்கம்மா. வரிகளுக்கு நடுவுல இருக்கும்.”

“நடுவுல வெள்ளையாத்தானுங்க இருக்குது?”

பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். சபீஹாவுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மணி நேரத்தில் அந்த மண்டபத்தில் அவள் நாவல் முதல்முறையாகக் கேட்டது மாதிரி இருந்தது. இதோ, இப்போது படிக்கலாம், அம்மா பக்கம் சொல்லட்டும், இப்போதே. அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

அதற்குள் அறிவழகனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் புரிந்துகொண்டது வேறு. வரவேற்புரை மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அவர் கத்தியதில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

“நண்பர்களே! இந்த நாவலின் நாயகி, ஹவ்வாம்மாவே நம்மிடையே வந்திருக்கிறார்! நாவலாசிரியரின் தாயார்! அந்தத் தாயை மேடைக்கு அழைக்கிறோம்!”

“வேண்டாங்க!” என்றாள் சபீஹா. கைதட்டலில் அது போயே போய்விட்டது. இரண்டு பெண்கள் மஸ்தான் பீவியைக் கைத்தாங்கலாக, காலில் அடிபட்டவளைக் கூட்டி வருவது போல, மேடைக்குக் கூட்டி வந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எட்டுப் பத்து செல்போன்கள் உயர்ந்தன. சபீஹா எழப் பார்த்தாள். மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் பாதி எழுந்த நிலையிலேயே நின்றாள். தலைவர் எழுந்திருந்தும் நகரவில்லை, படம் எடுப்பதற்காக நிமிர்ந்து நின்றார்.

அறிவழகன் மைக்கை அம்மாவின் வாயருகே நீட்டினார். “சொல்லுங்கம்மா. தைரியமாச் சொல்லுங்க. உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க.”

மஸ்தான் பீவி மைக்கைப் பார்த்தாள். செல்போன்களைப் பார்த்தாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

“எம் புருசன் என்னை அடிச்சதில்லீங்க. முப்பது வருசத்துல ஒரு தடவகூட இல்லீங்க.”

சபீஹா கையில் இருந்த புத்தகத்தைத் திறந்தாள். பிறகு அனிதா தன் மைக்கைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

“கேட்டீர்களா? முப்பது வருடத்துக்குப் பிறகும் அவரால் சொல்ல முடியவில்லை. இதைவிட வலிமையான சாட்சி வேண்டுமா?”

கைதட்டல் எழுந்தது. இப்போது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள்.

மஸ்தான் பீவிக்கு முதலில் விளங்கவில்லை. யாருக்குத் தட்டுகிறார்கள் என்று பார்த்தாள். பிறகு விளங்கியது. பொன்னாடையைத் தோளில் இருந்து எடுத்து, கடையில் துணி மடிப்பது போல ஓரம் சேர்த்து மடித்து, மேசையில் வைத்தாள். மேசைக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள்.

“அடிச்சாருங்கறாங்க. இல்லைங்கறேன். அதுக்கும் அடிச்சாருங்கறாங்க. உங்கத்தாகிட்டப் போயி நான் என்னன்னு சொல்றது?”

“அம்மா, சித்த நேரம் இரும்மா. நான் படிக்கறேன். நீ பக்கம் சொல்லு.”

“யாருகிட்டப் படிப்ப? இவுங்ககிட்டயா?”

அவள் மேடையில் இருந்து தானே இறங்கினாள். அங்கம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். “நல்லா இருக்குது உங்க மரியாதை!” என்று போகிற போக்கில் அறிவழகனிடம் சொன்னாள். “கூப்புட்டு வெச்சு மானத்தை வாங்கறதுக்கு ஒரு துண்டு வேற.”

*

கூட்டம் நிற்கவில்லை. அதுதான் சபீஹாவால் தாங்க முடியாததாக இருந்தது. வாழ்த்துரைக்கு ஒருவர் எழுந்தார். “அந்தத் தாயின் கண்ணீரைக் கண்ட பிறகு” என்று ஆரம்பித்தார். அம்மா அழவே இல்லை.

முன்வரிசையில் ஒருவர் செல்போனைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். எடுத்த வீடியோவை அனுப்புகிறார். எங்கே போகும் என்று சபீஹாவுக்குத் தெரியும். முதல் வீடியோத் துண்டில் யாரோ ஒரு ஆள் பேசினார். இந்தத் துண்டில் அம்மாவே இருக்கிறாள், பொன்னாடையோடு. அத்தா இந்நேரம் கடையைச் சாத்தப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். அவருடைய போன் கல்லாப்பெட்டி மேல் இருக்கும். அது டிங் என்று சொல்லும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். சேந்தமங்கலத்துப் பள்ளிவாசலிலும் வாட்ஸப் இருக்கிறது. அதற்கு அப்புறம் அவர் எந்த ஊருக்குப் போய்த் தொழுவார்?

ஒரு துண்டுச் சீட்டு கை மாறி வந்தது. அறிவழகன் கையெழுத்து. ‘மண்டபம் எட்டு மணிக்கு விட வேண்டும். படிக்க நேரமில்லை. 2 நிமிடம், நன்றி மட்டும். அனிதா மேடத்துக்குத் தனியாக நன்றி சொல்லவும்.’

அவள் இரண்டு நிமிடத்தில் என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். ‘இதில் அடி இல்லை’ என்று சொன்னால் தட்டுவார்கள். ‘நீங்கள் யாரும் படிக்கவில்லை’ என்று திட்டினால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள், நெருப்பான பெண் என்பார்கள். அழுதால் கேட்கவே வேண்டாம். பேசாமல் இருந்தால் அது மௌனம், அதற்கும் மேடம் அர்த்தம் சொல்வார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுடைய நாவல்தான். அவளுடைய நாவலுக்குள் அவர்களில் ஒருவரும் இன்னும் நுழையவில்லை. அம்மாவிடம் இருந்து எடுத்த அந்த ஏழு வரியைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. பெல்ட்டைத் தேடியவர்கள் கண்ணில் அது படாது.

அதை நினைத்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நாலு பேர் வேண்டும் என்றுதானே அம்மா கேட்டாள்? இந்த நாலு பேர்தான் என்று சொல்லவில்லையே. மேடை வேண்டும் என்று நினைத்தது இவள். படித்துவிட்டதால் வந்த நினைப்பு.

யார் அந்த முப்பத்தெட்டு விநாடியைப் பரப்பினார்களோ அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடைக்கு எதிரே டீ குடிக்க ஒரு கூட்டம் நிற்கும். அத்தாவின் கையைப் பிடித்துப் புத்தி சொன்ன பெரியவரும் நிற்பார். எல்லோருக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது தெரியும். அவர்கள் விரல் வைத்துப் பார்க்கட்டும். அம்மா மெஷின் பக்கத்தில் இருந்து எண் சொல்லட்டும். அத்தாவும் சேந்தமங்கலத்தில் இருந்து வந்துவிடட்டும்.

நூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னால்?

அதையும் படிக்க வேண்டியதுதான். அத்தாவை வைத்துக்கொண்டே. ஒரு எழுத்து மாற்றாமல். அதற்குப் பிறகு அம்மா என்ன சொன்னாலும், செருப்பைக் கழற்றினாலும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கேட்காமல் எடுத்தது அவள். அதைப் பற்றி அவளிடம் கணக்குக் கேட்க அம்மாவுக்கு மட்டும்தான் உரிமை.

முடிவு செய்த பிறகு நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காருவதுகூடக் கஷ்டமாக இருந்தது.

“ஐயா, வழி விடுங்க.”

“உன் பேருதான் அடுத்துக் கூப்பிடப் போறாங்க. உக்காரும்மா.”

“மேடம், கொஞ்சம் எந்திரிங்க.”

அனிதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கிசுகிசுத்தார். “சபீஹா, அடுத்த மாசம் சிலபஸ் போர்டு மீட்டிங். நான் உனக்காகத்தான் பேசறேன். புரிஞ்சுக்கோ.”

“தெரியுமுங்க மேடம். புத்தகத்தை ஒருக்காப் படிச்சுப் பாருங்க. சிரிப்பு வரும்.”

மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு இரண்டு கையாலும் மேசையை முன்னால் தள்ளினாள். தண்ணீர்ப் பாட்டில்கள் உருண்டன. ஒன்று வாழ்த்துரை சொல்லிக்கொண்டிருந்தவரின் காலடியில் போய் நின்றது. அவர் பேச்சை நிறுத்தினார். மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி வந்தது. பொன்னாடை இரண்டையும் நாற்காலியிலேயே விட்டுவிட்டு, தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

வாசல் பக்கத்து மேசையில் அவளுடைய புத்தகங்கள் அடுக்கியிருந்தன. காட்டன் பை ஒன்றை எடுத்து மொத்தமாக அள்ளிப் போட்டாள்.

“ஏனுங்க, விக்கறதுக்கு வெச்சதுங்க அது” என்றார் மேசையில் இருந்தவர்.

“என்னுதுதானுங்க.”

பின்னால் அறிவழகன் மைக்கில் திணறினார். “இப்போது ஏற்புரை… நாவலாசிரியர் சபீஹா அவர்களை… சாமி, எங்க போற?” கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் பழக்கப்பட்டவர், உடனே சமாளித்தார். “தாயின் வேதனையைத் தாங்க முடியாமல், உணர்ச்சிப் பெருக்கில் அவர் வெளியேறுகிறார், நண்பர்களே! இதுவே அவரது ஏற்புரை!”

தட்டினார்கள்.

பை கனத்தது. தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியில் இறங்கினாள். முதல் திருப்பத்திலும் கைதட்டல் கேட்டது, இரண்டாவது திருப்பத்திலும் கேட்டது. கீழே ரோட்டில் ஒரு டாரஸ் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.